ஷகரம் வீழ்ந்த சேப்புப் படலம்

வாழி பிரபாவதி! விசைப்பலகையே வில்லாகவும் சொற்களே கணைகளாகவும் ஏந்தி, ‘அடுத்து எதை அமுக்குவது’ என்று அறியாது கணினித் திரைமுன் கலங்கி நிற்கும் மானிடர்க்கெல்லாம் வழிகாட்டப் பிறந்த வாட்கண் நங்கை வாழி! எழுதியதைத் திருத்தியும், திருத்தியதை மீண்டும் திருத்தியும் ஆறாத பிழைகடி செல்வி, முற்றுப்புள்ளி ஒன்று தப்பினும் மூச்சு முட்டும் மெல்லிய நெஞ்சினள், நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்னறையில் அரிசி மூட்டைக்கும் மடிக்காத துணிக்குவியலுக்கும் நடுவே அரியணையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இட்டு வீற்றிருக்கும் செய்முறைவிளக்கச் செம்மல் வாழி, வாழி! அவள் மடிக்கணினியின் சார்ஜர் மட்டும் கொஞ்சம் லூஸ்.

நாடு பிடித்தோரையும் கோட்டை இடித்தோரையும் பாடுவதற்கு ஆள் இருக்கிறது. நாம் பாடப்புகுவது ஒரு மென்பொருளுக்குச் செய்முறை விளக்கம் எழுதிய போரை. சிரிப்பவர் சிரித்துவிட்டு வரட்டும். கல்யாண அழைப்பிதழ் வீடியோக்களில் மாப்பிள்ளை பெயர் இடமிருந்து பறந்துவர, பெண்ணின் பெயர் வலமிருந்து பறந்துவர, இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு பூவாய்ச் சிதறுமே, அத்தகைய அசையும் படங்களுக்குள் வட்டம், கட்டம், நட்சத்திரம், அம்புக்குறி ஆகிய வடிவங்களைக் கொணர்ந்து சேர்ப்பதே அம்மென்பொருளின் அருந்தொழில். வேறு தொழில் அதற்குத் தெரியாது. சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனம் அதைச் செய்து, தமிழ்கூறும் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாம் அதை வாங்கிப் பயன்பெறும்பொருட்டுத் தமிழிலே ஒரு கையேடு எழுதும் பெரும்பணியைப் பிரபாவதியின் தலையில் கட்டியது.

இவ்விடத்தில் நெய்வேலியின் சாதிமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல மாவட்டத்தாரும் வந்து கூடிய அந்நகரியத்தில் உண்மையில் இருப்பவை இரண்டே குலங்கள்: பெர்மனென்ட் குலம், கான்ட்ராக்ட் குலம். பெர்மனென்ட் குலத்தார் கடைக்குப் போனால் ஸ்டூல் வரும். கான்ட்ராக்ட் குலத்தார் போனால் ‘சில்லறை இருக்கா’ என்ற கேள்வி வரும். பிரபாவதியின் தந்தை ராமலிங்கம், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை மேய்க்கும் பெர்மனென்ட் பேரரசர். ஆனால் அவர்க்கும் ஓய்வு நெருங்கிவிட்டது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வெளியே வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் வங்கியார் முதலில் வினவுவது, மகள் வேலை பெர்மனென்ட்டா என்பதே. அவளோ கான்ட்ராக்ட். இந்தக் கையேடு தேறிவிட்டால் பெர்மனென்ட் ஆர்டர் தருவதாக நிறுவனம் வாக்களித்திருந்தது.

தந்தைக்கோ அந்தப் பணியின் மாண்பே பிடிபடவில்லை. “ஏம்மா, பட்டன அமுக்குன்னு சொல்றதுக்கு ஒரு ஆளா? அதுக்கு மாசாமாசம் சம்பளம் வேறயா?” என்று ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதெல்லாம் வியந்துகொள்வார். ஆனால் விளக்கை அணைக்கும்போது, “அந்த ஆர்டர் எப்ப வரும்னு சொன்னாங்க?” என்று கேட்காமல் ஒருநாளும் படுத்ததில்லை.

முதற்போர் மூண்டது. தமிழன்னையின் அணிகலன்கள் அனைத்தையும் பெட்டியைத் திறந்து வெளியே எடுத்து அடுக்கினாற்போல், பிரபாவதி தன் கையேட்டின் முதல் தலைப்பை இவ்வாறு பொறித்தாள்: ‘வடிவியல் உருக்கூறுகளை அசைவூட்டத் திட்டத்தினுள் உட்செருகுதல்’. எழுதிவிட்டு அவளே அதை மூன்றுமுறை வாய்விட்டு வாசித்து மெய்சிலிர்த்தாள். கையேட்டைச் சோதித்துப் பார்க்க நிறுவனத்தார் தெரிந்தெடுத்த வீரர், நகரியத்தை அடுத்த வடக்குத்து என்னும் ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிங்காரவேலு. காதுகுத்து, மஞ்சள்நீராட்டு, திருமணம், கண்ணீர் அஞ்சலி என மாந்தர் வாழ்வின் எல்லாக் கட்டங்களையும் எடிட் செய்து தருபவர். அவர் கையேட்டைப் பிரித்த மாத்திரத்திலேயே போன் அடித்தார்.

“மேடம், உருக்கூறுன்னா இன்னாங்க? பலாச்சொளைய கூறு போட்டு விப்பாங்களே, அது மாதிரிங்களா?”

வீழ்ந்தது முதற்கோட்டை. பயனாளர் ஒரு கேள்வி கேட்டாலும் கையேடு தோற்றதாகவே கொள்ளப்படும் என்பது சோதனை விதி. இதனைக் கேள்வியுற்ற உமாராணி, ஆவணப்பிரிவின் தலைவி, அட்டவணைகளின் அதிபதி, சென்னையில் குளிரூட்டிய கூடத்திலிருந்து திக்கெட்டும் எதிரொலிக்கத் தன் ஆணையை முழங்கினாள்: “உருக்கூறும் வேண்டாம், வடிவமும் வேண்டாம். வடிவம்னு சொன்னா கணக்கு வாத்தியார் ஞாபகம் வருது. மக்கள் பேசுற மாதிரி எழுதுங்க. ஷேப்னே போடுங்க!”

பிரபாவதி போட்டாள். அழகிய சொற்களைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்துவிட்டு, கையேடு முழுதும் ‘ஷேப்’ என்று நட்டாள். ஆனால் விதி எழுத்துருவில் இருந்தது. அந்தக் கையேட்டுக்கென நிறுவனத்தார் தேர்ந்த தமிழ் எழுத்துருவிலே ககரம் உண்டு, சகரம் உண்டு, ஆய்த எழுத்துகூட மூன்று புள்ளியோடு முறைத்துக்கொண்டு நிற்கும். ஷகரம் மட்டும் இல்லை. இல்லாத எழுத்தின் இடத்தில் கணினி வெறும் கட்டம் ஒன்றை வரைந்து வைக்கும். பக்கந்தோறும் கட்டங்கள் முளைத்தன. மறுநாளே போன் வந்தது.

“மேடம், எல்லா எடத்துலயும் கட்டம் ஏப்பு, கட்டம் ஏப்புன்னே வருதுங்க. மொதல்ல கட்டம் போட்டுட்டு அப்பறம் ஏப்பம் வுடணுங்களா?”

வீழ்ந்தது இரண்டாங்கோட்டை. எழுத்துருவைத் திருத்தித் தர அதைச் செய்தவர்கள் எக்காலத்தும் தயாராக இல்லை. உமாராணி இரண்டாம் ஆணை பிறப்பித்தாள்: “ஷ போனா போகட்டும். ச இருக்குல்ல? சேப்புன்னு போடுங்க. யாருக்குத்தான் புரியாது?” கூடவே மூன்றாம் போரின் விதியும் அறிவிக்கப்பட்டது. இம்முறை பிரபாவதி சிங்காரவேலுவின் ஸ்டூடியோவுக்கே நேரில் சென்று அருகே அமர வேண்டும். வாய் திறக்கக்கூடாது. உமாராணி வீடியோ காலில் இருந்து மேற்பார்வையிடுவாள். அவர் கேள்வி கேட்டாலும் தோல்வி, இவள் ஒரு சொல் உதிர்த்தாலும் தோல்வி. இதிலும் தோற்றால் கையேடு வேறொருவர் கைக்குப் போகும். ஆர்டர் என்ற பேச்சும் அத்தோடு போகும்.

போர்க்கோலம் பூண்டாள் பிரபாவதி. இஸ்திரி போட்ட சுடிதாரே கவசமாக, பின் குத்திய துப்பட்டாவே கேடயமாக, லேப்டாப் பையே அம்பறாத்தூணியாக, இரவல் வாங்கிய ஸ்கூட்டியின்மீது ஆரோகணித்து, நகரியத்து ரவுண்டானாக்களை வலம்வந்து, நிலக்கரி லாரிகள் எழுப்பிய புழுதிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு வடக்குத்து சென்றடைந்தாள். பஞ்சர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் இடையே நின்றது களம். உள்ளே ஒரு கணினி, ஒரு மின்விசிறி, சுவர் நிறையச் சிரிக்கும் மணமக்கள்.

சிங்காரவேலு அவள் வந்ததைப் பார்த்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கையேட்டின் அச்சுப்படியை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். “இத்தினி வருசமா எல்லாம் இங்கிலீஷ்லதாங்க மேடம். கண்ணக் கட்டி வுட்டாப்ல தடவித் தடவித்தான் செஞ்சிகினு இருந்தேன். நமக்குன்னு தமிழ்ல எழுதிக்கினு வந்துட்டீங்க” என்றார். பிரபாவதி புன்னகைத்தாள். பேசுவதற்குத்தான் தடை, புன்னகைக்கு இல்லை. பசை டப்பாவின்மீது சாய்த்து நிறுத்தப்பட்ட செல்போனுக்குள் உமாராணியின் திருமுகம் தோன்றியது. அந்தச் செல்போனின் கண்ணுக்குச் சிங்காரவேலுவின் முகம் தெரிந்தது, பிரபாவதியின் முகம் தெரிந்தது; கணினித் திரை தெரியவில்லை. அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

களப்பலிக்கென வந்து வாய்த்தது மலர்கொடியின் திருமண அழைப்பிதழ். மணமகள் வடக்குத்து, மணமகன் நெல்லிக்குப்பம், திருமணம் திருவதிகைக் கோயிலில். அன்று முற்பகலே பெண்ணின் தாய் செங்கமலம் வந்து பார்த்துவிட்டு, உறவுக்காரர் அனைவர்க்கும் வாட்ஸப்பில் அனுப்ப வாங்கிப் போவதாகச் சொல்லியிருந்தார். சோதனைக்கென்று தனியாக ஒரு வேலையை உண்டாக்கச் சிங்காரவேலுவுக்கு நேரமில்லை, இதையே எடுத்துக்கொண்டார்.

சங்கு முழங்கவில்லை. பக்கத்துக் கடையில் பரோட்டாவைக் கொத்தும் ஓசை முழங்கியது. சிங்காரவேலு விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசிக்கலானார்.

“முதலில் சேப்பைத் தேர்ந்தெடுக்கவும்.”

கதையைச் சற்று நிறுத்தி ஓர் உண்மையை உரைப்போம். அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர் வாயில் சிவப்பு என்பது சேப்பு. சேப்புப் புடவை, சேப்பு மாடு, சேப்பு மொளகா. பிரபாவதியோ தெற்கத்தித் தந்தைக்கு நகரியத்தில் பிறந்தவள். பத்து மாவட்டப் பிள்ளைகள் ஒன்றாய் உட்கார்ந்த வகுப்பறையில் படித்தவள். சிவப்பை ‘ரெட்டு’ என்றே சொல்லி வளர்ந்தவள். உமாராணிக்கோ வடக்குத்து எந்தத் திசை என்பதே தெரியாது. ஆகவே தன் பெருங்காவியத்தின் முதல் வரியிலேயே கண்ணிவெடியைப் புதைத்து, அதன்மேல் கோலமும் போட்டு வைத்திருக்கிறாள் என்பது நம் நாயகிக்கு அக்கணம் வரை விளங்கவில்லை.

சிங்காரவேலு திரையில் தேடினார். பளிச்சென்று வண்ணப்பட்டை கண்ணில் பட்டது. சேப்பைத் தேர்ந்தெடுத்தார். “பிறகு கூட்டல் குறியை அழுத்தவும்.” அழுத்தினார். எந்த வடிவமும் தேர்ந்தெடுக்காதவர்க்கு மென்பொருள் தானாக முன்வந்து ஒரு செவ்வகத்தை அளிக்கும், அளித்தது. நற்சிவப்புச் செவ்வகம் ஒன்று மலர்கொடியின் தாடையை மறைத்துக்கொண்டு வந்து நின்றது. “சேப்பின் அளவைக் கூட்டலாம்.” கூட்டினார். மலர்கொடியின் மூக்கு மறைந்தது. “ஒன்றுக்கு மேற்பட்ட சேப்புகளைச் சேர்த்து அழகூட்டலாம்.” இங்கே சற்றுத் தயங்கிய அப்பெருந்தகை, உலகில் சேப்பு ஒன்றா இரண்டா என்று தமக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, ரத்தச் சேப்பு, செங்கல் சேப்பு, மாதுளைச் சேப்பு, தக்காளிச் சேப்பு என்று கைக்குக் கிடைத்த சேப்பையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “சேப்பின் மூலைகளை மழுக்கவும்” என்ற வரியில் விரல் நெடுநேரம் நின்றது. சேப்புக்கு ஏது மூலை? நெற்றி சுருங்கியது, உதடு அசைந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இதற்குள் பிரபாவதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன? வாய் பூட்டப்பட்டிருந்தது. கண்ணால் சாடை காட்டலாமா என்று செல்போனைப் பார்த்தாள். அங்கே உமாராணி முகமெல்லாம் மலர்ந்து, வலக்கைப் பெருவிரலை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள். பயனாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை அல்லவா! அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், தடையேதுமின்றி வாசித்துக்கொண்டே போகும் ஒரு மனிதரின் முகம்தான். வெற்றித்திருமகள் பிரபாவதியின் மடியில் வந்து உட்கார்ந்தே விட்டாள்.

அந்நேரம் பார்த்துச் செங்கமலம் உள்ளே வந்தார். இடுப்பில் செருகிய முந்தானையும் கையில் மஞ்சப்பையுமாக வந்தவர், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

“யப்பா வேலு, எம்பொண்ணு எங்க?”

“இங்கதாங்கா கீது. உள்ள கீது.”

“உள்ளன்னா? இன்னாப்பா இது, மீன் கொழம்ப தூக்கி மூஞ்சில ஊத்தனாப்ல பண்ணி வச்சிக்கிற? மாப்ள வூட்ல பாத்தா இன்னா நெனப்பாங்க? ஒன்ன நம்பித்தானே குடுத்தேன். இத அழிச்சி போட்டாவ குடுத்துடு. நான் பண்ருட்டியிலயே குடுத்துக்கறேன்.”

சிங்காரவேலு எழுந்து நின்றுவிட்டார். கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “அக்கா, கோச்சிக்காத. புக்குல போட்டுக்கறபடிதான் செஞ்சேன். படிச்சவங்க எழுதனது, அதுல தப்பு இருக்காது. எனக்குத்தான் மண்டையில ஏறல. நான் பத்தாவதே தாண்டலல்ல” என்றார். சொல்லும்போது அவர் குரல் தேய்ந்தது. இத்தனை காலம் இங்கிலீஷ் தெரியாததால் தமக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர், தமிழும் தமக்கு விளங்கவில்லை என்று அன்று முடிவு கட்டிக்கொண்டார்.

அந்தோ! இனி நிகழ்ந்த போரே போர். வெளியே ஓர் இலையும் அசையவில்லை. பிரபாவதியின் உள்ளத்துள்ளேயோ இரு பெரும்படைகள் எதிரெதிர் அணிவகுத்தன. ஒருபக்கம், காலி செய்ய வேண்டிய குவார்ட்டர்ஸும், மாவு மிஷினிலிருந்து மருந்துக்கடை வரை ‘என்னம்மா, பெர்மனென்ட் ஆயிட்டியா’ என்று விசாரிக்கும் ஊரும், விளக்கணைக்கும்போது தந்தை கேட்கும் அந்த ஒற்றைக் கேள்வியும், வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் நாளையே வந்து சேரப்போகும் ஆர்டரும் கொடி பிடித்து நின்றன. மறுபக்கம் ஒரே ஒருவர், மூக்குக்கண்ணாடி நழுவிய முகத்தோடு, அவள் செய்த தப்பைத் தம் தப்பு என்று சொல்லிக்கொண்டு நின்றார். அவள் பல்லைக் கடித்தாள். துப்பட்டா நுனியை முறுக்கினாள். மின்விசிறியைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வெட்கம் பொறுக்க முடியாத அளவுக்கு இருந்தது.

திறந்தது வாய்!

“அண்ணே, உங்க மேல தப்பில்ல. அது சேப்பு இல்லண்ணே, ஷேப்பு! ரவுண்டு, கட்டம், ஸ்டாரு இருக்கில்ல, அந்த ஷேப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

பசை டப்பாமேல் இருந்த செல்போனிலிருந்து, “பிரபாவதி! நீங்க பேசிட்டீங்க!” என்ற பிரகடனம் எழுந்தது. அதன் பின் திரை இருண்டது.

சிங்காரவேலு செல்போனைப் பார்க்கவில்லை. கையேட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஷேப்புங்களா!” என்றார். மறுபடியும் ஒருமுறை, “ஷேப்புங்களா!” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப எனக்கு வெளங்காம இல்லீங்களே?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. எழுதியிருந்தத நீங்க அப்படியே செஞ்சீங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் மின்விசிறிகூட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. விஷயம் விளங்கிய செங்கமலமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “யம்மா, சேப்புன்னு எழுதிட்டு சேப்பு போட்டா கோச்சிக்கினா எப்பிடி? பாவம், நானும் வேலுவ திட்டிட்டேன்” என்று சிரிக்க, பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் காரணம் கேட்டு அவரும் சிரிக்க, பிரபாவதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சேப்புகள் ஒவ்வொன்றாக நீங்கின. மலர்கொடியின் மூக்கு மீண்டது, தாடை மீண்டது. வட்டம் ஒன்று எழுந்து அவள் முகத்தைச் சூழ்ந்தது. நட்சத்திரங்கள் அதைச் சுற்றி ஓடின. அம்புக்குறி ஒன்று நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளையை நோக்கிப் பாய்ந்தது. எல்லாம் கையேட்டில் இருந்தபடியே, வரிசை மாறாமல், ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றி வாசித்து.

இவ்வாறு ஷகரம் வீழ்ந்த போரிலே, ஆணைக்கு அஞ்சாத அரிவை, தன் பிழையைத் தன் வாயால் உரைத்த தகைசால் நங்கை, சிங்காரவேலு வற்புறுத்தி வாங்கிக்கொடுத்த பரோட்டாப் பொட்டலமே வாகைமாலையாக, லாரிகளின் ஆரன்களே வெற்றிமுரசாக, வானோர் சொரிந்த மலர்மாரியென்று நாம் பாட எண்ணினாலும் உண்மையில் அது அனல்மின் நிலையத்துச் சாம்பலாகவே இருக்க, அச்சாம்பலைத் தோளிலும் கூந்தலிலும் ஏந்தி, இரவல் ஸ்கூட்டியின் ஒற்றைக் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துச் சிரித்துக்கொண்டு, முதல் ஷிப்ட் விட்டுத் திரும்பும் பெர்மனென்ட் பெருமக்களின் சைக்கிள், மொபெட், கார்ப்படைகளுக்கு நடுவே நிமிர்ந்த நெஞ்சோடு நகரியத்தினுள் புகுந்தாள் பிரபாவதி!

அவள் இன்னும் கான்ட்ராக்ட்தான்.